கூரையும் குடும்பமும்

குடும்பம் என்பது யார் யார்? இவ்வினாவுக்கு விடை கூறும் உரிமை எவருக்கு உண்டு? குடும்பத்தவர்க்கா, அரசாங்கத்துக்கா, அல்லது பொருள் விற்பவனுக்கா? அம்மம்மா யார், பேரன் யார் என்பதை வீட்டார் அறியாமல் வேறு எவர் அறிவர் என்று வாசகர் கேட்கலாம். ஆனால் வரலாறு அவ்வளவு எளிமையானதன்று. பங்கிட வேண்டிய பொருள் உள்ள இடத்திலெல்லாம், அதனைப் பெறத் தகுந்தவர் யார் என்ற கணக்கு எழுகின்றது. கணக்கு எழுந்ததும், குடும்பத்தின் எல்லையை வரையும் கோல் எவரோ ஒருவர் கைக்குப் போய்விடுகின்றது. அந்தக் கோல் யார் யார் கையில் இருந்தது, எவ்வாறு கைமாறிற்று என்பதையே இங்கு ஆராய முற்படுகின்றோம்.

இதற்கு உடனடிக் காரணம் ஒன்றுண்டு. அமெரிக்காவின் அமேசான் நிறுவனம் ‘பிரைம்’ என்னும் அங்கத்துவத்தை நடத்துகின்றது. சந்தா செலுத்தியவர் இணையக் கடையிற் கொள்ளும் பொருள்கள் தனிக் கூலி இன்றி விரைவில் வீடு வந்து சேரும். அதனோடு திரைப்படங்களும் தொடர்களும் இணையவழியே பார்க்கக் கிடைக்கும். வேறு வீட்டில் வாழும் உறவினரோடு அனுப்புகூலிச் சலுகையைப் பகிர்ந்துகொள்ளப் பழைய அங்கத்தவர் சிலருக்கு எஞ்சியிருந்த வழி, 2025 ஒக்டோபர் 1ஆம் திகதியோடு அமெரிக்காவில் அடைபட்டது. ஒரே வதிவிட முகவரியில் வாழ்பவரே இனிக் குடும்பம். திரைப்படச் சேவையை மட்டும் நடத்தும் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் 2023இலேயே இக்கோட்டைக் கீறிவிட்டது. ஒரு கூரையின் கீழ் உறங்குபவரே ஒரு குடும்பம் என்பதுதான் இன்று இவ்வியாபாரத்தின் வரைவிலக்கணம்.

இவ்வரைவிலக்கணத்தை உரைத்துப் பார்க்க உரைகல் ஒன்று வேண்டும். அதற்கெனக் கனகராயன்குளத்தைத் தேர்ந்துகொள்கின்றோம். வவுனியாவிலிருந்து கண்டி வீதியால் வடக்கே செல்வோர் ஓமந்தையையும் புளியங்குளத்தையும் தாண்டி, மாங்குளத்தை அடையுமுன் காணும் ஊர் அது. அவ்வூரின் பெயரோடு இணைந்த கனகராயன் ஆறு வடக்கே ஓடி இரணைமடுவை நிரப்பிச் சுண்டிக்குளக் கடனீரேரியிற் கலக்கின்றது. நெல்லும் குளமும் காடும் சூழ்ந்த இப்பிரதேசத்து மக்கள் ஒரு தலைமுறைக்குள் தம் கூரையைப் பலமுறை இழந்தவர்கள். கூரையை வைத்துக் குடும்பத்தை அளக்கும் கணக்கு, கூரையே நிலையாத மக்களிடம் என்னவாகின்றது என்பதை அறிய இதனினும் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது.

குளத்தின் அங்கத்தவர்

வன்னியின் ஆதி அங்கத்துவம் குளத்தின் அங்கத்துவமே எனலாம். குளத்தின் கீழ் வயல் உடையவர் அதன் நீரிற் பங்குடையவர். பங்குடையவர் குளக்கட்டைக் காக்கவும் வாய்க்காலைத் துப்புரவாக்கவும் கடமைப்பட்டவர். காலபோகத்தில் எப்போது விதைப்பது, சிறுபோகத்துக்கு நீர் போதுமா, போதாதெனில் எவ்வளவு நிலத்தை மட்டும் செய்கைபண்ணி அதனை எவ்வாறு பங்கிடுவது என்பன பங்காளர் கூடிப் பேசித் தீர்க்கும் விடயங்கள். ஆகவே அங்கத்தவர் என்பதற்கு இங்கு மூன்று பொருள் அமைகின்றன. அவர் பெறுபவர், கொடுப்பவர், பேசுபவர். இம்மூன்றையும் வாசகர் நினைவிற் கொள்ளுமாறு வேண்டுகின்றோம். பின்னர் வரும் வரலாறு முழுவதும் இம்மூன்றின் கூட்டல் கழித்தலே.

நாம் பழமையைப் புகழ்ந்து பாட வரவில்லை. குளத்தின் நீதி நிலமுடையோரின் நீதி. அந்த வயலில் நாற்று நட்ட கைகளும் அரிவு வெட்டிய கைகளும் பல வேளைகளிற் பங்கற்ற கைகளாகவே இருந்தன. சாதியின் கொடுமையும் அதனோடு ஒட்டியிருந்தது. எனினும், பங்காளர்க்குள் எல்லையை வரைந்தவர் பங்காளரே என்பதை மறுப்பதற்கில்லை. 1832இல் ஆங்கிலேயர் இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தை ஒழித்தனர். ஊழியம் ஒழிந்தது நன்றே. ஆனால் அதனோடு பிணைந்திருந்த குளப் பராமரிப்பு முறைக்கு மாற்று எதுவும் வகுக்கப்படவில்லை. குளங்கள் தூர்ந்தன. 1856ஆம் ஆண்டின் நீர்ப்பாசனச் சட்டம், கிராமத்தவர் கூடித் தீர்மானிக்கும் பழைய வழக்கத்துக்கே மீண்டும் சட்ட வலுத் தேட முயன்றது. 1895இல் ஜே. பி. லூயிஸ் வெளியிட்ட வன்னி மாவட்டங்களின் கைந்நூல், உடைந்த குளங்களும் காய்ச்சலும் அருகிய குடிகளுமாய்க் கிடந்த ஒரு நாட்டையே நமக்குக் காட்டுகின்றது. ஆட்சியாளர் பெறுதலையும் கொடுத்தலையும் கணக்கிடுவர், பேசுதலை மறந்துவிடுவர். அதன் விலை என்னவென்பதைத் தூர்ந்த குளங்கள் சொல்லின.

பண்டகசாலையின் அங்கத்தவர்

கடைக்கும் அங்கத்தவர் உண்டு என்ற எண்ணம் தொழிலாளரின் கண்டுபிடிப்பு. 1844இல் இங்கிலாந்தின் ரொச்டேல் நகரில் இருபத்தெட்டுப் பேர், பெரும்பாலும் நெசவாளரும் பிற கைத்தொழிலாளரும், ஆளுக்கு ஒரு பவுண் சேர்த்து ஒரு சிறு கடையைத் திறந்தனர். மாவும் வெண்ணெயும் சீனியும் மெழுகுதிரியும் அதன் முதற் சரக்குகள். முதலாளியின் கடையிற் கலப்படமும் கடனும் தம்மை உறிஞ்சக் கண்டு அவர்கள் எடுத்த முடிவு அது. ஒருவருக்கு ஒரு வாக்கு, இலாபம் கொள்வனவுக்கேற்பப் பகிர்வு, பெண்களும் அங்கத்தவராகலாம். இன்றைய ‘அங்கத்துவக் கடை’களின் விளம்பரத்தைப் படிப்போர் இந்த மூதாதையை நினைத்துப் பார்ப்பது நல்லது.

அவ்வெண்ணம் 1904இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் ஒரு பண்டகசாலையாக உருப்பெற்றது. இலங்கையில் 1911ஆம் ஆண்டின் சட்டத்தால் ஐக்கிய நாணய சங்கங்கள் பிறந்தன. வடக்கில் இவ்வியக்கம் ஆழ வேரோடியது. யாழ்ப்பாணத்தின் வீரசிங்கம் மண்டபம் கூட்டுறவு முன்னோடி ஒருவரின் பெயரையே இன்றும் தாங்கி நிற்கின்றது. ஆனால் ஏழையின் அடுக்களை வரைக்கும் சங்கத்தைக் கொண்டு சென்றது போர். 1942இல் யப்பானியர் பர்மாவைக் கைப்பற்றினர். பர்மா அரிசி நின்றது. அரிசிப் பங்கீடு தொடங்கிற்று. அதற்கு முன் அருமையாயிருந்த ஐக்கிய பண்டகசாலைகள் சில ஆண்டுகளுக்குள் நாடெங்கும் ஆயிரக்கணக்கிற் பெருகின. நம் மூத்தோர் அதனைச் சங்கக்கடை என்றனர்.

அக்காலத்துக் கூப்பன் புத்தகம் ஆளுக்கொன்று என்பது கவனிக்கத்தக்கது. வீட்டுக்கு ஒன்றன்று, கூரைக்கு ஒன்றன்று. அம்மம்மா மூத்த மகள் வீட்டிலிருந்து இளைய மகள் வீட்டுக்குப் போனால், அவரது அரிசியும் அவரோடு போகும். பதிவை மாற்றினாற் போதும். எவர் எவரோடு உலை வைக்கின்றனர் என்பது வீட்டாரின் தீர்மானம். ஐந்து கூப்பன் அரிசி ஓர் உலையிற் கொதிக்கலாம். ஒரு கூப்பன் அரிசி இரு வீட்டாரின் கஞ்சியாகலாம். இதனை எவரும் களவு என்று கூறவில்லை.

அந்த அங்கத்தவர்க்கு வாயும் இருந்தது. 1953இல் டட்லி சேனநாயக்காவின் அரசாங்கம் பங்கீட்டரிசியின் விலையைக் கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்திற்று. பாடசாலைப் பிள்ளைகளின் மதிய உணவையும் நிறுத்திற்று. ஓகஸ்ட் 12ஆம் திகதி இடதுசாரிக் கட்சிகளின் அழைப்பில் ஹர்த்தால் வெடித்தது. கடைகள் மூடின, தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன, துப்பாக்கிகள் வெடித்தன, உயிர்கள் பலியாயின. ஒக்டோபரிற் பிரதமர் பதவி விலகினார். அரிசியைப் பெறுவோர் வெறும் கொள்வனவாளர் அல்லர், கேள்வி கேட்க வல்லவர் என்பதை இந்நாட்டின் ஆளும் வர்க்கம் அன்று கற்றுக்கொண்டது.

ஆயினும் உண்மையை முழுமையாகச் சொல்லவேண்டும். 1957இற் பிலிப் குணவர்த்தனாவின் முயற்சியால் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றின. ஊருக்கு ஊர் இருந்த சிறு சங்கங்கள் 1970களின் தொடக்கத்திற் பெருஞ் சங்கங்களாக ஒன்றிணைக்கப்பட்டன. நெறியாளர் ஆசனங்களில் ஆளுங்கட்சியின் நியமனக்காரர் அமர்ந்தனர். வரிசை நீண்டது, கூட்டம் கூடுவது குறைந்தது, கணக்குப் புத்தகம் அங்கத்தவரின் கண்ணுக்கு எட்டாத உயரத்துக்குச் சென்றது. 1977இன் பின் திறந்த பொருளாதாரம் வந்தபோதும், 1979இற் பங்கீட்டுப் புத்தகத்தின் இடத்தில் உணவு முத்திரை வந்தபோதும், சங்கக்கடையின் பொருட்டு 1953போல் நாடு எழவில்லை. இதற்குக் காரணம் மக்களின் நன்றிகெட்ட தன்மை அன்று. தம் வாயைப் பறித்த சங்கத்தைத் தமது என்று அவர்கள் கருதவில்லை. பெறுதல் எஞ்சியிருந்தது, பேசுதல் போயிருந்தது. இடதுசாரிகளாகிய நாம் இப்பாடத்தைப் பிறருக்குக் கூறுமுன் நமக்கே கூறிக்கொள்ள வேண்டும்.

அட்டையின் அங்கத்தவர்

1990இன் பின் வன்னிக்கு வந்தது வேறொரு பங்கீடு. பொருளாதாரத் தடையால் எரிபொருளும் மின்கலமும் உரமும் சீமெந்தும் அரும்பொருளாயின. 1997 மே மாதத்திற் கண்டி வீதியைத் திறக்கும் நோக்கோடு ‘ஜயசிக்குறு’ படைநடவடிக்கை தொடங்கியபோது, அவ்வீதியோரத்து ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெறுமையாகின. கனகராயன்குளமும் அவற்றுள் ஒன்று. 1999 நவம்பரில் நிலை மாறியது. 2002இன் போர்நிறுத்தத்தோடு வீதி திறந்தது. மக்கள் திரும்பினர், கூரை வேய்ந்தனர். 2008இல் மீண்டும் இடம்பெயர்ந்தனர். 2009 மே மாதத்திற் போர் முடிந்தபோது இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் முட்கம்பி வேலிக்குள் முகாம்களில் இருந்தனர். அவற்றுட் பெரியதான செட்டிகுளம் மெனிக் பாம் முகாம் 2012 செப்ரெம்பரிலேயே மூடப்பட்டது.

இக்காலம் முழுவதும் மக்களின் கையிற் குடும்ப அட்டை இருந்தது. நிவாரண அரிசியும் மாவும் பருப்பும் அதன்படியே அளக்கப்பட்டன. அளந்தவை பெரும்பாலும் அதே பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள். கூரை தறப்பாளாயிற்று, மரநிழலாயிற்று, பதுங்குகுழியாயிற்று. குடும்பமோ அட்டையில் இருந்தது. ஆனால் அட்டை வேறொரு கொடுமையையும் கொண்டுவந்தது. போரின் முடிவில் ஒப்படைக்கப்பட்டவரின், காணாமல் ஆக்கப்பட்டவரின் பெயரை அட்டையில் என்ன செய்வது? பெயரை வெட்டினால் மரணத்தை ஒப்புக்கொண்டதாகும். வெட்டாவிட்டால் அலுவலகத்தில் ஓயாத கேள்வி. 2017 பெப்ரவரியிற் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரத்தில் அமர்ந்த தாய்மார் கேட்டதன் சாரம் இதுவே: எங்கள் குடும்பத்திலிருந்து ஒருவரை நீக்கும் உரிமையை உங்களுக்கு அளித்தவர் யார்?

இத்துயரத்தின் முன் திரைப்படச் சந்தாவின் தகராறு எம்மாத்திரம் என்று வாசகர் கேட்பது நியாயமே. இவ்விரண்டையும் ஒரே தராசில் வைக்க நாம் துணியவில்லை. ஆனால், குடும்பத்தின் எல்லையை வெளியார் வரைவது என்னவென்பதை இரத்தத்தால் அறிந்த மக்களிடம், அதே கோல் இன்று ஒரு கைத்தொலைபேசியின் திரையிற் புன்னகையோடு நீட்டப்படுகின்றது. அதனை அவர்கள் பிறரினும் விரைவில் இனங்காண்பர் என்றே கூறுகின்றோம்.

திரையின் அங்கத்தவர்

இனி இன்றைய அங்கத்துவத்துக்கு வருவோம். ‘பிரைம்’ 2005 பெப்ரவரியில் ஆண்டுக்கு 79 டொலராகத் தொடங்கியது. 2011இல் அதனோடு படங்களும் தொடர்களும் சேர்ந்தன. 2014இற் சந்தா 99 டொலர்; 2018இல் 119; 2022இல் 139. சந்தா ஏற ஏறக் குடும்பம் சுருங்கியது என்பதே இவ்வரலாற்றின் விந்தை. தொடக்கத்தில் அங்கத்தவர் ஒருவர் வீட்டார் என நால்வரைச் சேர்த்து அனுப்புகூலிச் சலுகையைப் பகிரலாம். 2015இல், புதிதாகப் பகிர்வோர்க்கு அந்நால்வர் வளர்ந்தவர் ஒருவராயினர். 2025இல் அவரும் ஒரே முகவரியில் வாழ்பவராக இருத்தல் வேண்டும் என்றாயிற்று. அங்கத்தவரோடு வளர்ந்தவர் இன்னொருவர், பின்னர் பிள்ளைகள், இதுவே குடும்பம். கணவனும் மனைவியும் சேர்ந்ததும் கணக்கு முடிந்துவிடும். அம்மம்மாவுக்கு அதில் இடமில்லை. கலியாணம் செய்யாத சித்திக்கும் இடமில்லை. மேலைநாட்டுப் புறநகரின் தனிக்குடும்பம் உலகத்தின் குடும்பமாகி விட்டது.

நெட்ஃபிளிக்ஸின் கதை இன்னும் தெளிவானது. கடவுச்சொல்லைப் பகிர்வதே அன்பு என்னும் கருத்துப்பட 2017இல் அந்நிறுவனமே பகிரங்கமாக எழுதிற்று. வளரும் பருவத்திற் பகிர்வு அதற்கு விளம்பரமாயிருந்தது. 2022இன் முதற் காலாண்டில் இரண்டு இலட்சம் சந்தாதாரரை இழந்ததும் குரல் மாறியது. பத்துக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகள் பிறர் கணக்கிற் பார்ப்பதாக நிறுவனம் கணக்குக் கூறிற்று. அவ்வாண்டிலேயே சிலி, பெரு, கொஸ்தாரிக்கா ஆகிய நாடுகளிற் சோதனை நடந்தது. 2023 மே மாதத்தில் அமெரிக்காவிலும் ஜூலையில் இந்தியாவிலும் விதி வந்தது. இணைய இணைப்பின் முகவரி, கருவியின் அடையாளம், கணக்கின் நடமாட்டம் ஆகியவற்றைக் கொண்டு இது எந்த வீடு என்று இயந்திரம் தீர்மானிக்கும். நேற்று அன்பாயிருந்தது இன்று குற்றமாயிற்று. மாறியது அறமன்று, இலாபக் கணக்கு.

அரிசி விலைக்கு எழுந்த ஹர்த்தாலைப் போல இதற்கு ஏதேனும் எழுந்ததா? முணுமுணுப்பு எழுந்தது, சிலர் விலகினர். ஆனால் 2022இன் இறுதியில் ஏறத்தாழ 23 கோடியாயிருந்த சந்தாக்கள் 2024இன் இறுதியில் 30 கோடியைத் தாண்டின. காரணம் எளிது. சங்கத்தின் அங்கத்தவர் ஒருவரையொருவர் அறிவர்; வரிசையில் ஒன்றாக நிற்பர்; கூட்டத்தில் ஒன்றாகச் சத்தமிடுவர். திரையின் அங்கத்தவர் முப்பது கோடிப் பேரும் ஒருவரையொருவர் அறியார். ஒவ்வொருவரும் தத்தம் அறையிலிருந்து தனித்தனியே நிறுவனத்தோடு மட்டும் உறவு கொண்டவர். அவர்க்குப் பெறுதல் உண்டு, கொடுத்தல் உண்டு, பேசுதல் மட்டும் இல்லை. விலகும் உரிமை ஒன்றே அவர்க்கு எஞ்சியது. அதனையும் தனியாகவே பயன்படுத்த வேண்டும்.

படம் எடுப்பதற்குச் செலவில்லையா, நடிகர்க்கும் தொழிலாளர்க்கும் ஊதியம் வேண்டாமா, எல்லோரும் இலவசமாகப் பார்த்தால் யார் கொடுப்பது என்று நிறுவனத்தார் கேட்பர். இது மறுக்கத்தக்க கேள்வியன்று. உழைப்புக்கு விலை உண்டு என்பதை உழைக்கும் மக்களினும் நன்கு அறிந்தவர் எவர்? ஆனால் நாம் கேட்பது இலவசமன்று. விலையை நிறுவனம் நிர்ணயிக்கட்டும். ஒரே நேரத்தில் எத்தனை திரையிற் பார்க்கலாம் என்று எண்ணிக்கை வகுக்கட்டும். குளத்திலும் நீருக்கு அளவு இருந்தது. சங்கக்கடையிலும் அரிசிக்குக் கொத்து இருந்தது. அளவு வேறு, உறவு வேறு. நான்கு பேருக்கு என்று பணம் கொடுத்தவர், அந்நால்வரும் யார் என்பதைத் தாமே தீர்மானிக்கலாகாது என்பதுதான் நாம் எதிர்க்கும் விதி.

கனகராயன்குளத்திலிருந்து பார்க்கும்போது

இலங்கையில் அமேசானுக்குச் சொந்தக் கடை இல்லை. ஆனால் அதன் திரைப்படச் சேவை 2016 டிசம்பரிலேயே இங்கு வந்துவிட்டது. நெட்ஃபிளிக்ஸ் அவ்வாண்டு ஜனவரியில் வந்தது. ஆகவே நம் மக்களின் அங்கத்துவம் இரண்டாகப் பிளந்தது. கடைப் பக்கம் கனடாவில். திரைப் பக்கம் கனகராயன்குளத்தில். எடுத்துக்காட்டாக இவ்வாறான ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். இத்தகையவை வன்னியில் எத்தனையோ உள. மூத்த மகன் ரொறன்ரோவிற் களஞ்சியசாலை ஒன்றில் வேலை செய்கின்றான். சந்தா கட்டுபவன் அவன். மகள் பாரிசில். இளையவன் வவுனியாவிற் படிக்கின்றான். தாய் மட்டும் கனகராயன்குளத்தில், வீட்டுத்திட்டத்திற் கட்டிய வீட்டில் இருக்கின்றார். இரவு எட்டு மணிக்கு அவர் பழைய படம் ஒன்றைப் பார்க்க முனையும்போது சரிபார்ப்பு எண் கேட்கின்றது. அது ரொறன்ரோவில் மகனின் தொலைபேசிக்குச் செல்கின்றது. அங்கே காலை வேலை நேரம். தொலைபேசி வேலைத்தளத்துப் பெட்டகத்துக்குள் பூட்டியிருக்கின்றது. அம்மா காத்திருக்கின்றார். மகன் இடைவேளையில் எண்ணை அனுப்பும்போது அதன் ஆயுள் முடிந்துவிட்டது.

நிறுவனத்தின் பார்வையில் இவர்கள் நான்கு வீட்டார், நான்கு குடும்பத்தார், நான்கு சந்தாவுக்குரியவர். அவர்கள் ஏன் நான்கு கூரையின் கீழ் வாழ்கின்றனர் என்பது அதன் கணக்கில் இல்லை. அவர்களைப் பிரித்தது விருப்பமன்று. போரும் வறுமையும், உழைப்பை மலிவாகத் தேடும் உலகச் சந்தையும் ஆகும். உழைப்பாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்துத் தொலைதேசத்துக்கு இழுத்த அதே பொருளாதார அமைப்பு, பிரிந்தவனை நோக்கி நீ ஒரு குடும்பத்தவன் அல்லன் என்று கூறுகின்றது. முதலில் கூரையைப் பிரித்தது. பின்னர் பிரிந்த கூரைக்கு வரி கேட்கின்றது. இம்முரண்பாட்டை வேறெங்கும் விடத் தெளிவாக வன்னியிற் காணலாம்.

இதற்கு மாறான ஒரு மரபும் நமக்கு உண்டு. வடக்கின் வாசிகசாலைகளிலும் சனசமூக நிலையங்களிலும் ஒரு பத்திரிகையை ஊரே படித்தது. பெஞ்சில் அமர்ந்து ஒருவர் உரத்து வாசிக்க, எழுத்தறியாதவரும் உலகச் செய்தி அறிந்தனர். முற்போக்குச் சஞ்சிகைகளின் ஒரு பிரதி பத்துக் கைகள் மாறியது. ஆசிரியரிடமிருந்து மாணவனுக்கும், மாணவனிடமிருந்து அவன் தமையனுக்கும் சென்றது. அப்பத்திரிகைகள் பகிர்வால் அழிந்தன என்று எவரும் கூறார். பகிர்வாலேயே வாசகர் உண்டாயினர். போர்க்காலத்தில் மின்சாரமற்ற ஊர்களில் ஒரு தொலைக்காட்சியைச் சுற்றி அயலார் அனைவரும் அமர்ந்தனர். மின்பிறப்பாக்கிக்கு எண்ணெய் வாங்க ஆளுக்குச் சிறிது காசு சேர்த்தனர். அதுவும் ஓர் அங்கத்துவம், எழுதப்படாத சங்கம்.

வீட்டுக்குள் ஒரு பார்வை

வெளியாரைக் குறை கூறும் நாம் வீட்டுக்குள்ளும் விளக்கை ஏந்த வேண்டும். கணக்கு யார் பெயரில்? பெரும்பாலும் ஆணின் பெயரில். கடவுச்சொல் யாரிடம்? அவனிடம். யார் எதைப் பார்த்தார், எதை வாங்கினார் என்பது கணக்குடையவரின் கண்ணுக்கு எட்டுகின்றது. அமேசானிற் பகிர முனைந்த இரு வளர்ந்தோர், பணம் செலுத்தும் அட்டைகளையும் பொதுவாக்க இணங்குமாறு கேட்கப்பட்டனர். நம்பிக்கை உள்ள இடத்தில் இது எளிது. அதிகாரம் உள்ள இடத்தில் இது விலங்கு. சங்கக்கடையின் அங்கத்தவர் பட்டியலிலும் பெரும்பாலும் குடும்பத் தலைவனின் பெயரே இருந்தது. வரிசையில் நின்றவளோ தலைவி. போரின் பின் வன்னியின் பெருந்தொகையான குடும்பங்களைப் பெண்களே தாங்குகின்றனர். அங்கத்துவம் பற்றிய எந்தச் சீர்திருத்தமும் அவர்களிடமிருந்து தொடங்காவிடிற் பொருளற்றது.

இன்னொன்றும் உண்டு. 1707இல் ஒல்லாந்தர் காலத்திற் தொகுக்கப்பட்ட தேசவழமை, குடும்பச் சொத்தை முதுசம் என்றும் சீதனம் என்றும் தேடியதேட்டம் என்றும் வகுத்தது. அதன் குறைகள் பல. எனினும் எது எவர்க்குச் சேரும் என்று அது கூறிற்று. சங்கத்தின் அங்கத்தவர் இறந்தால் அவர் குறித்த ஒருவர்க்கு அவரது பங்குப்பணம் சேரும். பிரைம் அங்கத்துவமோ முதுசமும் அன்று, தேட்டமும் அன்று. இருபது ஆண்டுகள் சந்தா கட்டியவரின் கையில் இறுதியில் ஒரு சதப் பங்கும் இல்லை; கைமாற்றும் உரிமையும் இல்லை. ‘அங்கத்தவர்’ என்ற சொல்லைத் தொழிலாளரிடமிருந்து எடுத்துக்கொண்ட வியாபாரம், அதன் உட்பொருளை மட்டும் களைந்துவிட்டது.

ஆகவே செய்யவேண்டியது யாது? கடவுச்சொல்லை மறைவாகக் கைமாற்றி நிறுவனத்தை ஏமாற்றிவிட்டோம் என்று மகிழ்வது போராட்டமாகாது. அது தனித்தனி மனிதரின் தற்காலிகத் தப்பித்தல். சந்தாவின் விதிகளைப் பொதுநல விதிகளாகக் கருதி, பாவனையாளர் பாதுகாப்பு என்னும் சட்டத் துறைக்குள் அவற்றைக் கொண்டுவருமாறு அரசாங்கங்களைக் கேட்கலாம். பணம் கொடுத்தவர் தம் உறவினரைத் தாமே பெயர் குறிக்கும் உரிமையைக் கோரலாம். இவற்றினும் அடிப்படையானது ஒன்றுண்டு. ஊரின் வாசிகசாலைக்கும் பாடசாலைக்கும் பொதுவான இணைப்பும் பொதுவான திரையும் பொதுவான நூற்றொகுதியும் வேண்டும். அவற்றை நடத்தும் சபையிற் பெறுபவரே பேசுபவராகவும் இருத்தல் வேண்டும். இது கனவன்று. ஆளுக்கு ஒரு பவுண் சேர்த்தவர் இருபத்தெட்டுப் பேரே.

ஆசிரியத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வகுப்பிற் குடும்பம் என்னும் பாடம் வரும்போது, பாடநூலிலுள்ள படத்தைச் சிறிது நேரம் மூடிவைத்து, உன் குடும்பத்தவர் யார் யார், அவர்கள் எங்கெங்கே வாழ்கின்றனர் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். இலண்டன், ரொறன்ரோ, தமிழகத்து அகதிமுகாம், மண்ணுக்குக் கீழே, தெரியாது என்று விடைகள் வரும். அவ்விடைகளுள் எதனையும் எந்த முகவரிப் பட்டியலும் அழிக்க இடங்கொடுக்கலாகாது. குடும்பத்தின் எல்லையை வரையும் கோல் குடும்பத்தவர் கையிலேயே இருக்கவேண்டும். அதனை மீட்பது ஒருவரால் ஆகாது; சங்கம் வேண்டும்.